குரங்கின் மீது சுமத்தப்பட்ட பழியும் உபமின் நிலையங்களின் பாதுகாப்பும்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழந்தபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியுடன் தொடர்புபட்டமையே அதற்குக் காரணம் என எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி தெரிவித்திருந்தார். உலக ஊடகங்கள் இச்செய்தியை நகைச்சுவையாகவே வெளியிட்டன. உள்ளூரிலோ அந்தக் குரங்கு சில நாட்களுக்கு அரசியல் மேடைகளின் பேசுபொருளாகியது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் செயலிழந்த காரணத்தால் அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணித்தியால சுழற்சி முறை மின்வெட்டையும் மக்கள் அனுபவிக்க நேர்ந்தது.

குரங்கு உபமின் நிலையத்துக்குள் நுழைந்தது எவ்வாறு என்று கேட்டவர்கள் பலர். ஓரிடத்தில் குரங்கு பட்டதால் யாழ்ப்பாணத்திலும் அக்கரைப்பற்றிலும் ஏன் விளக்கு அணைந்தது என்று கேட்டவர்கள் சிலரே. முதலாவது கேள்விக்கு வேலி, மரக்கிளை, காவலாளி என்று விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வியே நாட்டுக்கு முக்கியமானதாகும்.

கடந்த பத்தாண்டுகளின் பட்டியலை நோக்கினால் இது புலப்படும். 2016 மார்ச் 13 ஆம் திகதி பியகம உபமின் நிலையத்தில் மின்மாற்றியொன்று வெடித்துத் தீப்பற்றியபோது நாடு இருளில் மூழ்கியது. அதற்கு முன்னர் அதே ஆண்டு பெப்ரவரியிலும் நாடளாவிய மின்தடை ஏற்பட்டிருந்தது. 2020 ஓகஸ்ட் 17 ஆம் திகதி கெரவலப்பிட்டி உபமின் நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நிகழ்ந்த மனிதத் தவறினால் ஏறத்தாழ ஏழு மணித்தியாலங்கள் மின்சாரம் இல்லாமற் போயிற்று. 2021 டிசம்பர் 3 ஆம் திகதியும் 2023 டிசம்பர் 9 ஆம் திகதியும் கொத்மலை - பியகம உயர் அழுத்த மார்க்கத்தில் ஏற்பட்ட கோளாறு காரணமெனக் கூறப்பட்டது. பின்னர் 2025 இல் பாணந்துறை. தீ, தவறாகத் திருப்பப்பட்ட ஆளி, மின்னல், குரங்கு எனத் தொடக்கப் பொறி ஒவ்வொரு முறையும் வேறானது. முடிவு மட்டும் ஒன்றே.

இத்தகைய பொறிகள் எந்த நாட்டிலும் ஓயப் போவதில்லை. வெப்பமண்டலத் தீவொன்றில் மின்னல் தாக்காத கம்பியோ, அணிலும் பாம்பும் ஏறாத கம்பமோ இருக்க முடியாது. ஆகவே கோளாறே நிகழாத வலையமைப்பை எவரும் எதிர்பார்ப்பதில்லை. கோளாறு எங்கு நிகழ்ந்ததோ அந்தப் பகுதியை மட்டும் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்குள் வெட்டியெறிந்து, எஞ்சியதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பாகும். அதற்கெனவே ஒவ்வொரு உபமின் நிலையத்திலும் பாதுகாப்புத் தொகுதி என்ற ஒன்று அமைக்கப்படுகின்றது. அமைச்சர்களின் அறிக்கைகளில் அதனைப் பற்றிய பேச்சு அரிது.

பேச்சு இல்லாத இடத்தில் சந்தேகம் குடியேறுகின்றது. 2016 இல் பியகமவை அடுத்து சில நாட்களில் கொட்டுகொட உபமின் நிலையத்திலும் மின்மாற்றி வெடித்தபோது, மின் நிலையங்களுக்கும் உபமின் நிலையங்களுக்கும் இராணுவக் காவல் போடப்பட்டது. 2021 இல் பொறியியலாளர்களின் தொழிற்சங்க நடவடிக்கை நடைபெற்றுக் கொண்டிருந்த வேளையில் இருள் சூழ்ந்ததனால் நாசவேலை என்ற சொல் மீண்டும் அடிபட்டது. போர்க்காலத்தில் மின்மாற்றிகள் உண்மையிலேயே தாக்கப்பட்டதுண்டு. அதன் பின்னர் தெருமூலைகளில் யார் யார் மறிக்கப்பட்டனர், எந்த மொழி பேசியோர் எந்த வாகனத்தில் ஏற்றப்பட்டனர் என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் முஸ்லிம் மக்களும் அதே பார்வையின் கீழ் கொண்டுவரப்பட்டனர். நாசவேலை என்ற சொல் இந்நாட்டில் எல்லோர் மீதும் சம எடையில் விழுவதில்லை.

ஆகவே ஓர் உபமின் நிலையத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவக்கூடிய சாட்சி இருக்கின்றதா என்பது பொறியியல் கேள்வி மாத்திரமன்று. அத்தகைய சாட்சி உண்டு. நவீன பாதுகாப்பு ரிலே ஒவ்வொன்றும் கோளாறு நிகழும் கணத்தில் மின்னோட்டத்தின் அலைவடிவத்தை மில்லிசெக்கன் கணக்கில் பதிந்து வைத்துக் கொள்கின்றது. ஆனால் அந்த ரிலே மின்கம்பியை நேரே பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும் கம்பியைச் சுற்றி அமைந்த இரும்பு வளையமொன்று, அந்தப் பெரும் ஓட்டத்தின் சிறு நிழலை ரிலேக்கு அனுப்புகின்றது. இந்த வளையமே மின்னோட்ட மாற்றி. பொறியியலாளர்கள் இதனைச் சுருக்கமாக 'சீ.ரி.' என்பர். வளையம் சரியாகத் தெரிவு செய்யப்படாவிடின் நிழல் கோணலாகும். ரிலே தவறாக முடிவெடுக்கும். பின்னர் விசாரணைக் குழுவின் மேசைக்கு வரும் பதிவும் கோணலான பதிவாகவே இருக்கும்.

வேறுபாட்டுப் பாதுகாப்பு எனப்படும் முறையில் இந்தத் தெரிவு மற்றெல்லாவற்றிலும் பார்க்கத் தீர்க்கமானது. 1904 இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் மேர்ஸ், பேர்னார்ட் பிரைஸ் ஆகிய இருவரும் காப்புரிமை பெற்ற இம்முறையின் தத்துவம் எளிமையானது. நெற்களஞ்சியமொன்றின் முன்வாசலில் ஒரு கணக்குப்பிள்ளையும் பின்வாசலில் ஒரு கணக்குப்பிள்ளையும் இருப்பதாகக் கொள்வோம். உள்ளே சென்ற மூடைகளும் வெளியே வந்த மூடைகளும் சமமாயின் களஞ்சியத்தில் திருட்டு இல்லை. சமமில்லையாயின் உள்ளே ஏதோ நடக்கின்றது, உடனே கதவை அடைக்க வேண்டும். மின்மாற்றியின் இரு பக்கங்களிலும் வைக்கப்படும் மின்னோட்ட மாற்றிகளே அந்தக் கணக்குப்பிள்ளைகள். உட்செல்லும் ஓட்டத்துக்கும் வெளிச்செல்லும் ஓட்டத்துக்கும் வேறுபாடு தோன்றினால் ரிலே இருபுறச் சுற்றுடைப்பான்களையும் திறந்துவிடும்.

இதன் பெருஞ்சிறப்பு யாதெனில், தனது எல்லைக்கு வெளியே என்ன நடந்தாலும் அசையாதிருப்பதும், உள்ளே நடந்தால் காத்திராமல் செயற்படுவதும் ஆகும். பிற பாதுகாப்பு முறைகள் பல, அடுத்திருக்கும் ரிலே செயற்படுகின்றதா என்று பார்ப்பதற்காக அரைச் செக்கன், ஒரு செக்கன் எனக் காத்திருப்பவை. வேறுபாட்டு ரிலே இரண்டொரு சுழற்சிகளுக்குள் முடிவெடுக்கும். நமது வலையமைப்பில் ஒரு சுழற்சி என்பது செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு கோளாறு நூறு மில்லிசெக்கனில் அகற்றப்படுவதற்கும் ஒரு செக்கன் நீடிப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம், ஓர் ஊர் இருளுவதற்கும் ஒரு நாடு இருளுவதற்கும் இடையிலான வித்தியாசமாக அமைந்துவிடக் கூடும்.

இரண்டு கணக்குப்பிள்ளைகளும் ஒரே விதமாக எண்ணத் தெரிந்தவர்களாக இருந்தால் மாத்திரமே இவையெல்லாம் நடக்கும். நமது நாட்டில் பல இடங்களில் காணப்படும் 31.5 மெகாவோல்ட் அம்பியர் வலுவுடைய 132/33 கிலோவோல்ட் மின்மாற்றி ஒன்றை எடுத்துக் கொள்வோம். முழுச் சுமையில் அதன் 132 கிலோவோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 138 அம்பியரும் 33 கிலோவோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 551 அம்பியரும் பாயும். ஒரு பக்கத்தில் 150 க்கு 1 என்ற விகிதமுடைய வளையத்தையும் மறுபக்கத்தில் 600 க்கு 1 என்ற விகிதமுடைய வளையத்தையும் வைத்தால் இரண்டிலிருந்தும் 0.92 அம்பியர் அளவிலேயே ஓட்டம் வரும். கணக்கு ஒத்துப் போகின்றது. மின்மாற்றியின் படிமாற்றி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது தோன்றும் சிறு பிசகை ரிலேயின் சாய்வு அமைப்பு பொறுத்துக் கொள்ளும். பெரும்பாலான கேள்விப்பத்திரங்களில் கவனம் இந்த விகிதத்தோடு நின்றுவிடுவதுண்டு.

சிக்கல் அதற்கப்பாலேயே தொடங்குகின்றது. மின்மாற்றிக்கு வெளியே, 33 கிலோவோல்ட் கம்பியொன்றில் குறுஞ்சுற்று ஏற்படுவதாகக் கொள்வோம். மின்மாற்றியின் உட்தடங்கல் பத்து வீதமாயின் அதனூடாக முழுச்சுமையைப் போன்று பத்து மடங்கு ஓட்டம் பாயும். இது எல்லைக்கு வெளியே நிகழ்ந்த கோளாறு. வேறுபாட்டு ரிலே அசையக் கூடாது. ஆனால் அந்தப் பத்து மடங்கு ஓட்டம் வளையத்தின் இரும்பு அகணியைக் காந்தமாக்குகின்றது. இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தப்பாயத்தை ஏற்காது. அந்த எல்லையைத் தாண்டினால் நிரம்பல் நிலை உண்டாகும். அதன் பின்னர் முதன்மைக் கம்பியில் எத்தனை ஆயிரம் அம்பியர் பாய்ந்தாலும் துணைச்சுருளிலிருந்து ஒழுங்கான ஓட்டம் வெளிவராது. இரு வளையங்களில் ஒன்று மாத்திரம் நிரம்பினால், திருட்டே நடக்காத களஞ்சியத்தில் திருட்டு நடந்ததாகக் கணக்கு காட்டும். ரிலே நல்ல மின்மாற்றியைத் துண்டித்துவிடும்.

இந்த எல்லையைக் குறிக்கும் அளவே முழங்கால் புள்ளி மின்னழுத்தம் எனப்படுகின்றது. காந்தமாக்கல் வளைகோடு முழங்காலைப் போல மடங்கும் இடம் அது. மின்னழுத்தத்தைப் பத்து வீதம் கூட்டினால் காந்தமாக்கும் ஓட்டம் ஐம்பது வீதம் கூடிவிடும் புள்ளி என்பது அதன் வரைவிலக்கணம். மேற்சொன்ன உதாரணத்தில் துணைச்சுருளில் ஏறத்தாழ 9 அம்பியர் பாயும். சுருளின் தடை 3 ஓம், வளையத்திலிருந்து ரிலே அறைவரை 100 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் போய்வருவதன் தடை ஏறத்தாழ 1.5 ஓம் என்று கொண்டால், தேவைப்படும் அழுத்தம் 40 வோல்ட் அளவில் வரும். காகிதத்தில் இது மிகச் சிறிய தொகை.

ஆனால் கோளாறு ஓட்டம் ஆரம்பிக்கும் முதற்கணங்களில் ஆடலோட்டத்தோடு நேரோட்டக் கூறொன்றும் கலந்து வரும். மின் நிலையங்களுக்கும் பெரிய மின்மாற்றிகளுக்கும் அண்மையில் இக்கூறு தேய்ந்து மறைய நீண்ட நேரம் எடுக்கும். அதனை முழுமையாகத் தாங்க வேண்டுமாயின் மேற்படி 40 வோல்ட்டை இருபது மடங்குக்கு மேல் உயர்த்த வேண்டி வரும். 800 வோல்ட்டுக்கு மேற்பட்ட வளையம் என்பது பருமனாலும் விலையாலும் வேறொரு பொருளாகும். நவீன ரிலேகள் நிரம்பலை உணர்ந்து சற்றுப் பொறுத்துக் கொள்ளும் கணிப்பு முறைகளைக் கொண்டிருப்பதால் அவற்றுக்கு அவ்வளவு பெரிய வளையம் தேவையில்லை. எந்த ரிலேக்கு எத்தனை மடங்கு தேவை என்பதை அதனைத் தயாரித்தவர் தமது கையேட்டில் கொடுத்திருப்பார். எனவே ரிலே எதுவென்று தெரியாமல் வளையத்தை வாங்குவது, காலின் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவதற்கு ஒப்பானது. நடைமுறையில் மின்மாற்றி ஓர் ஒப்பந்தத்திலும் ரிலேப் பலகை வேறோர் ஒப்பந்தத்திலும் வரும்போது நடப்பது இதுவே.

பொதுவான பாதுகாப்புக்கென விற்கப்படும் 5பி20 வகை வளையங்களை வேறுபாட்டுப் பாதுகாப்புக்குப் போதும் என்று எழுதிவிடும் வழக்கமும் உண்டு. குறித்த சுமையில், இருபது மடங்கு ஓட்டம் வரை மொத்தப் பிழை ஐந்து வீதத்தைத் தாண்டாது என்பதே அந்த வகை தரும் உத்தரவாதம். நேரோட்டக் கூறு கலந்த நிலையைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. இரு பக்க வளையங்களின் வளைகோடுகள் ஒத்திருக்கும் என்றும் கூறுவதில்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 61869-2 நியமத்தில் வரும் பிஎக்ஸ் வகையோ முழங்கால் புள்ளி அழுத்தம், அப்புள்ளியில் காந்தமாக்கும் ஓட்டம், சுருளின் தடை, சுற்றுகளின் விகிதம் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்கின்றது. இவற்றைத் தொழிற்சாலையிலும் களத்திலும் அளந்து பார்க்கலாம். அளந்து பார்க்கக் கூடியதற்கே ஒப்பந்தகாரரைப் பொறுப்பாளியாக்க முடியும் என்பது எந்தப் பெறுகைக் குழுவுக்கும் தெரிந்த விடயம்.

உபமின் நிலையத்தின் எல்லா மார்க்கங்களும் சந்திக்கும் 'பஸ்பார்' எனப்படும் கம்பித்தொகுதிக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். மின்மாற்றியின் ரிலே தவறினால் ஒரு மின்மாற்றியே போகும். பஸ்பாரின் வேறுபாட்டு ரிலே தவறாகச் செயற்பட்டால் அதனோடு இணைந்த அனைத்தும் போய்விடும். செயற்பட வேண்டிய வேளையில் செயற்படாவிட்டாலோ தொலைவிலுள்ள நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கும் வரை கோளாறு எரிந்து கொண்டேயிருக்கும். உயர்தடங்கல் முறையில் அமைந்த பஸ்பார் பாதுகாப்பில் ஒவ்வொரு மார்க்கத்திலும் ஒரே விகிதமும் ஒத்த வளைகோடும் கொண்ட வளையங்கள் இருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்குப் பின்னர் புதிய மார்க்கமொன்றைச் சேர்க்கும்போது கையிலுள்ள வேறொரு வளையத்தைப் பொருத்தினால் முழு நிலையத்தின் பாதுகாப்பும் அந்த ஒன்றினால் பலவீனமடையும்.

கேபிளின் கதையும் இத்தகையதே. துணைச்சுருளின் ஓட்டம் 5 அம்பியராக இருப்பதா, 1 அம்பியராக இருப்பதா என்பது பழைய விவாதம். மேற்சொன்ன அதே 100 மீற்றர் கேபிளில் 5 அம்பியர் பாய்ந்தால் 37 வோல்ட் அம்பியர் சுமையும் 1 அம்பியர் பாய்ந்தால் ஒன்றரை வோல்ட் அம்பியர் சுமையும் உண்டாகும். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். பரந்த வெளியில் அமையும் 132, 220 கிலோவோல்ட் உபமின் நிலையங்களுக்கு 1 அம்பியரே பொருத்தமானது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் பழைய 5 அம்பியர் தொகுதிகள் இருக்கும் இடத்தில் புதியவற்றைச் சேர்க்கும்போது இரண்டும் கலக்கும் ஆபத்து உண்டு.

அந்த ஆபத்து கற்பனையன்று. 2003 ஓகஸ்ட் 28 ஆம் திகதி மாலை, அலுவலகங்கள் கலையும் நேரத்தில் தென் லண்டனில் மின்சாரம் நின்றது. ஹேர்ஸ்ட் உபமின் நிலையத்திலிருந்து எச்சரிக்கைச் சமிக்ஞை வந்ததனால் அங்கிருந்த உபகரணமொன்றைச் சேவையிலிருந்து விலக்கினர். வேறு மார்க்கமொன்று ஏற்கெனவே பராமரிப்பில் இருந்தமையால் சுமை முழுவதும் விம்பிள்டன் - நியூ குரொஸ் மார்க்கத்தின் மீது விழுந்தது. அந்த மார்க்கம் அதனைத் தாங்கக் கூடியதே. ஆனால் அங்கே 5 அம்பியர் ரிலே இருக்க வேண்டிய இடத்தில் 1 அம்பியர் ரிலே பொருத்தப்பட்டிருந்தது. 2001 இல் பழைய உபகரணங்களை மாற்றியபோது நேர்ந்த தவறு அது. ரிலே வழமையான சுமையைக் கோளாறு எனக் கருதி மார்க்கத்தைத் துண்டித்தது. 724 மெகாவோட் இழக்கப்பட்டது. நான்கு இலட்சத்துக்கும் அதிகமான பாவனையாளர்களும் லண்டன் பாதாள ரயில் சேவையும் பாதிக்கப்பட்டனர். அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் எல்லாம் மீண்டுவிட்டன.

அது வேறுபாட்டு ரிலே அன்று, மேலதிக ஓட்டத்துக்கான துணைப் பாதுகாப்பு ரிலே. எனினும் வளையமும் ரிலேயும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையின் விளைவு எத்தகையது என்பதற்கு அதனைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பிழையான ரிலே இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் அங்கே இருந்தது. சுமை ஏறிய அன்றே அது தெரிய வந்தது. இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. மின்வலையமைப்பை நடத்திய நிறுவனம் சில வாரங்களுக்குள் காரணத்தை, அம்பியர் எண்ணிக்கை உட்பட, பகிரங்க அறிக்கையாக வெளியிட்டது. அந்த இருளின் பின்னால் பயங்கரவாதிகள் உள்ளனரோ என்று முதல் மணித்தியாலத்தில் லண்டனிலும் பலர் அஞ்சத்தான் செய்தனர். அறிக்கை அந்த அச்சத்துக்கு இடம் வைக்கவில்லை.

இலங்கையின் நிலைமை லண்டனைவிட இக்கட்டானது. தீவின் வலையமைப்பு அயல்நாடு எதனோடும் இணைக்கப்படாதது. நுரைச்சோலையின் 900 மெகாவோட் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல்களில் கேள்வி குறைந்தும் கூரைமேல் சூரியசக்தி மிகுந்தும் காணப்படுகின்றது. 2025 ஆம் ஆண்டளவில் கூரைகளின் மொத்தக் கொள்ளளவு ஆயிரம் மெகாவோட்டைக் கடந்துவிட்டது. சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக இயங்கும் அந்த வேளையில் வலையமைப்பின் சடத்துவம் குறைகின்றது. ஒரு சிறு அதிர்ச்சிக்கும் மீடிறன் சடுதியாகச் சரியும். 2025 பெப்ரவரி சம்பவத்தின் பின்னர் மின்சார சபையும் இதனைச் சுட்டிக்காட்டியது. அது சரியான விளக்கமே. ஆனால் சூரியசக்தியைக் குறைப்பதே தீர்வு என அதிலிருந்து முடிவெடுப்பது சரியன்று. சடத்துவம் குறைந்த வலையமைப்பில் கோளாறு நீடிக்கக்கூடிய நேரம் சுருங்குகின்றது என்பதே அதன் பொறியியல் பொருள். நேரம் சுருங்கினால், காத்திருக்காமல் தன் எல்லையை மாத்திரம் வெட்டும் பாதுகாப்பு முறையின் தேவை கூடுகின்றது. அந்த முறை தனது வளையங்களை நம்பியே இருக்கின்றது.

வடக்கு, கிழக்கு மக்களுக்கு இதில் தனியான அக்கறை உண்டு. போர்க்காலத்தில் தேசிய வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த யாழ். குடாநாடு, போர் முடிந்த பின்னரே வவுனியா - கிளிநொச்சி - சுன்னாகம் 132 கிலோவோல்ட் மார்க்கத்தின் மூலம் மீள இணைக்கப்பட்டது. நீண்ட மார்க்கமொன்றின் கடைசி முனையில் இருப்பவர்களுக்கு இடையிலுள்ள எந்த ரிலே தவறினாலும் இருளே மிஞ்சும். கொழும்பில் ஒரு மார்க்கம் போனால் இன்னொன்று உண்டு. அம்பாறை உபமின் நிலையத்தை நம்பியிருக்கும் கரையோர ஊர்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அரிசி ஆலைகளும், ஐஸ் தொழிற்சாலைகளும், குழாய்க்கிணற்று மோட்டர்களும், சிறுநீரக நோயாளர்களின் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களும் அந்த ஒற்றை மார்க்கத்தின் முடிவில் தொங்கிக் கொண்டிருக்கின்றன.

மறுபுறத்தில் நாட்டின் எதிர்கால மின்சாரம் இதே மாகாணங்களிலிருந்தே வரப்போகின்றது. மன்னாரில் 103.5 மெகாவோட் வலுவுடைய தம்பபவனி காற்றாலை இயங்குகின்றது. சம்பூரில் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனத்துடன் இணைந்த 120 மெகாவோட் சூரியசக்தித் திட்டத்தின் பணிகள் 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி தொடக்கி வைக்கப்பட்டன. இவற்றுக்காகப் புதிய உபமின் நிலையங்களும் மார்க்கங்களும் எழுகின்றன. பல்வேறு நாடுகளின் கடனுதவியில், பல்வேறு நாடுகளின் உபகரணங்கள் வந்திறங்குகின்றன. மார்க்கமொன்றின் இரு முனைகளுக்கும் இடையே வேறுபாட்டுப் பாதுகாப்பு அமைக்கப்படும்போது இந்த முனை ஒரு திட்டத்தின் கீழும் அந்த முனை இன்னொரு திட்டத்தின் கீழும் வாங்கப்படலாம். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2025 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் மின்பிறப்பாக்கம், ஊடுகடத்தல், விநியோகம் ஆகியவற்றை வெவ்வேறு நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுப்பதற்கு வழி செய்துள்ளன. அதன்படி முன்வாசல் கணக்குப்பிள்ளை ஒரு முதலாளியின் கீழும் பின்வாசல் கணக்குப்பிள்ளை இன்னொரு முதலாளியின் கீழும் வேலை செய்வர். இருவரின் கணக்கும் ஒத்துப்போவதற்கு யார் பொறுப்பு என்பதை இணைப்பு உடன்படிக்கைகளிலேயே எழுதி வைக்காவிடின், அடுத்த நாடளாவிய இருளின்போது இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டும் காட்சியையே நாம் காண்போம்.

செலவு பற்றிய வாதம் இங்கே எடுபடாது. மின்மாற்றியொன்றின் விலையோடு ஒப்பிடுகையில் அதன் வளையங்களின் விலை அற்பமானது. மிகக் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்ற பெறுகை முறையில், தெளிவாக எழுதப்படாத அந்த அற்பத்திலேயே ஒப்பந்தகாரர் மிச்சம் பிடிக்கின்றார் என்பதே பிரச்சினை. ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ளவற்றைச் சோதிப்பதும் கடினமான காரியமன்று. ஒவ்வொரு வளையத்தின் காந்தமாக்கல் வளைகோட்டையும் ஒரு சிறிய கருவியைக் கொண்டு சில மணித்தியாலங்களில் வரைந்துவிடலாம். துருவங்கள் மாறிப் பொருத்தப்பட்டுள்ளனவா, அளவீட்டு மானிக்குரிய அகணி தவறுதலாக ரிலேக்கு இணைக்கப்பட்டுள்ளதா என்பதெல்லாம் அதே சோதனையில் தெரிந்துவிடும். மானிக்குரிய அகணி, மானியைக் காப்பதற்காக வேண்டுமென்றே விரைவில் நிரம்பும்படி செய்யப்பட்டது என்பதால் இந்தத் தவறு சாதாரண நாட்களில் வெளித்தெரியாது. பெரும் கோளாறொன்றின் பின்னர் அகணியில் எஞ்சி நிற்கும் காந்தமும் அவ்வாறே. மூடிய அகணியில் அது நிரம்பல் அளவின் எண்பது வீதம் வரை இருக்கக் கூடும். அடுத்த கோளாறு வரும்போது அந்த வளையம் ஏற்கெனவே முக்கால் நிறைந்த குடமாகவே அதனை எதிர்கொள்ளும். மின்னல் அடிக்கடி தாக்கும் கொத்மலை - பியகம போன்ற மார்க்கங்களில் காற்றிடைவெளியுள்ள அகணிகளைக் கோருவது நியாயமானது. அவற்றில் எஞ்சும் காந்தம் பத்து வீதத்துக்கு மேற்படாது.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு இந்த விபரங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் உண்டு. நாடளாவிய மின்தடை ஒவ்வொன்றின் பின்னரும் எந்த ரிலே எந்த மில்லிசெக்கனில் செயற்பட்டது, எது செயற்பட்டிருக்க வேண்டும், அதற்கு ஓட்டம் வழங்கிய வளையத்தின் வகை என்ன, கடைசியாக அது சோதிக்கப்பட்ட திகதி எது என்பன அறிக்கையில் இடம்பெற வேண்டும். அவ்வறிக்கை மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் வடக்கு, கிழக்கு, மலையகத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் உறுப்பினர்கள் மின்கட்டணம் பற்றி எழுப்பும் கேள்விகளின் ஒரு பகுதியையாவது இதற்கு ஒதுக்கலாம்.

சம்பூருக்கும் அதனையொத்த ஏனைய நிலையங்களுக்கும் அந்தக் கேள்வி விரைவில் கேட்கப்பட்டாக வேண்டும். மின்மாற்றியின் பாதுகாப்புக்குரிய வளையங்கள் பெரும்பாலும் அதன் பீங்கான் 'புஷிங்'குகளின் அடியில், எண்ணெய்த் தொட்டியின் உள்ளேயே பொருத்தப்பட்டு தொழிற்சாலையிலிருந்து மூடப்பட்டு வருபவை. ஒரு மின்மாற்றி முப்பது, நாற்பது ஆண்டுகள் சேவையில் இருக்கும். இடையில் அந்த வளையத்தை மாற்ற வேண்டுமாயின் மின்மாற்றியைச் சேவையிலிருந்து விலக்கி, எண்ணெயை இறக்கி, புஷிங்கைக் கழற்ற வேண்டும். கேள்விப்பத்திரத்தில் அதற்குரிய ஒரு பக்கத்தைச் சரியாக எழுதுவதற்கு ஒரு பொறியியலாளருக்கு ஒரு பிற்பகல் போதும்.